சுய கோல்

எடை அறையில் எனக்கு வேலை.
காட் மீன் பெட்டிகள் தராசில் ஏறும்.
முள் நின்ற இடத்தை எழுதுவேன்.
கைக்குக் கனமாகத் தெரிந்தாலும்
முள் சொன்னதுதான் கணக்கு.

இரவில் வேறு கணக்கு.
ஃபாரோ தீவுகளின் இரண்டாம் பிரிவுக் கால்பந்து,
இணையக் கலைக்களஞ்சியத்தில்
யாரும் தேடிப் படிக்காத பக்கங்கள்:
ஆடிய ஆட்டம், அடித்த கோல்,
எந்தத் தேதி வரை, எந்த அறிக்கையின்படி.
எண்ணை மாற்றிவிட்டு
தேதியை மாற்றாமல் போகிறவர்கள்மேல்
எனக்கு வரும் கோபம்
என் முன்னாள் கணவன்மேல்கூட வந்ததில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிறு,
மழை கிடையாகப் பெய்துகொண்டிருந்தது.
கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன்.
எண்பத்தெட்டாவது நிமிடம்.
பந்து ஹோக்னியின் காலில் பட்டுக்
கோட்டைத் தாண்டியது.
தாண்டிய பிறகுதான்
எதிரணிக்காரன் தொடையில் உரசியது.
நடுவர் கண்ணில் தெறித்த சேற்றைத்
துடைத்துக்கொண்டிருந்தார்.
அறிக்கையில் எழுதினார்: சுய கோல்.

செவ்வாயன்று ஹோக்னி எடை அறைக்கு வந்தான்,
ரப்பர் பூட்ஸ், கையில் தொப்பி.
"சோல்வா, நாற்பத்தொன்று என்று இருக்கிறதே."
"கூட்டமைப்பு அப்படித்தான் சொல்கிறது."
"நீ அங்கேதானே நின்றாய்."
"நின்றேன்."
"பார்த்தாய்."
"பார்த்தேன்."
காற்சட்டையைச் சுருட்டி
முழங்காலுக்குக் கீழே
பந்தின் தையல் பதிந்த நீலத்தைக் காட்டினான்.
ஆதாரமாம்.
இதை எந்த அடிக்குறிப்பில் வைப்பது,
அடுத்த வாரம் மறைந்துபோகுமே என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
முப்பத்தாறு வயது. கடைசிப் பருவம்.

கண்ணால் கண்டதும் பொய் என்பார்கள்.
நான் கண்டது மெய்,
தொல்லையே அதுதான்.

அன்றிரவு ஒன்றை அழித்து இரண்டு போட்டேன்.
ஆதாரம் கேட்ட கட்டத்தைக்
காலியாக விட்டேன்.
தராசுத் தட்டில் விரலை அழுத்தியவளுக்குத்
தூக்கம் எப்படி வரும்.
விடியுமுன் எழுந்து திருப்பி வைத்தேன், நாற்பத்தொன்று.
மாற்றத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில்
"சான்று இல்லை" என்று
என்னை நானே கண்டித்தேன்.
ஒன்பது மணி நேரம்
அந்தக் கோல் உலகத்தில் இருந்தது.

அது போதுமாயிருந்தது.

வெள்ளிக்கிழமை வாரப் பத்திரிகையில்
விடைபெறும் ஹோக்னிக்கு அரைப் பக்கம்.
பனியனெல்லாம் சேறாக ஒரு படம்,
கீழே, நாற்பத்திரண்டு கோல்.
நிருபர் பெய்னிர், சின்னப் பையன்,
பெட்ரோல் நிலையத்தில் அகப்பட்டான்.
எங்கிருந்து எடுத்தாய்?
"கலைக்களஞ்சியத்தில்தான், செவ்வாய் ராத்திரி.
ஏன், தப்பா?"
கையில் பாதி தின்ற ஹாட்டாக்.
தப்பில்லை என்று சொல்ல வாய் வந்தது.

வீட்டுக்கு வருவதற்குள்
முகம் தெரியாத யாரோ பக்கத்தைத் திருத்தியிருந்தார்கள்.
நாற்பத்திரண்டு.
பத்திரிகைப் பெயர், தேதி, பக்கம் ஏழு,
எழுதியவன் பெயர்,
விதிப்படி ஒரு சொட்டைச் சொல்ல முடியாது.
நான் அழுத்திய விரலின் பாரம்
ஊர் சுற்றி, முத்திரை குத்திக்கொண்டு,
எடைக்கல்லாகத் திரும்பி வந்து
என் தராசிலேயே உட்கார்ந்திருந்தது.

கண்ணை மூடிக்கொண்டால் போதும்.
எண்ணும் சரி, சான்றும் உண்டு,
ஹோக்னிக்கும் ஒரு நிம்மதி.
தேநீர் ஆறும்வரை அப்படியே இருந்தேன்.

பிறகு உரையாடல் பக்கத்தில் எழுதினேன்:
அந்தச் செய்திக்கு ஆதாரம் நான்.
எனக்கு ஆதாரம் என் கண்.
ஆகவே செல்லாது.
கூட்டமைப்பு அறிக்கையின்படி, நாற்பத்தொன்று.
தேதியும் போட்டேன்.

திங்களன்று ஹோக்னியின் படகு வந்தது.
வணக்கம் சொல்லவில்லை.
பெட்டியைத் தூக்கித் தட்டில் வைத்தான்.
முள் ஆடி ஆடி நிற்கும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.
குனிந்து அவனே படித்தான்,
முப்பத்தெட்டு அறுநூறு.
அப்புறம்
என் பேனாவைப் பார்த்தான்.